உங்களுக்குத் தெரியுமா? தார் ரோட்டுக்கு எமன் லாரியா, தண்ணீரா?

கள்ளக்குறிச்சியில் சித்திரை வெயிலுக்கும் பஞ்சமில்லை, ஐப்பசி மழைக்கும் பஞ்சமில்லை. இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டியது தார் ரோடு. மேலே கல்வராயன் மலை. கீழே கரும்பும் மரவள்ளியும் ஏற்றிக்கொண்டு போகும் லாரிகள். போட்ட ரோடு பத்து வருஷம் நிற்பதும், பத்தே மாதத்தில் பல்லிளிப்பதும் எதனால்? மழைக்கு முன் படித்துவைக்கச் சில துணுக்குகள்.

ரோடு வெளுத்தால்...
புதிதாகப் போட்ட ரோடு கன்னங்கரேல் என்றிருக்கும். சில கோடைகள் போனால் சாம்பல் பூத்துவிடும். புழுதி படிந்ததால் மட்டும் அல்ல. வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து தாரின் எண்ணெய்ப் பசையைக் குறைத்துவிடுகின்றன. பசை போன தார் இறுகி, நொறுங்கும் நிலைக்கு வரும். முதலில் பொடிக்கல் உதிரும், அப்புறம் மயிரிழை வெடிப்பு விழும், அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். வெளுக்கிற கட்டத்திலேயே மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் செலவு சில்லறை. குழி விழுந்த பிறகு என்றால் தோண்டித்தான் போட வேண்டும்.

சதுர மீட்டருக்கு 680 கிராம்
அந்தப் பூச்சுக்கு ரோட்டு வேலைக்காரர்கள் சொல்லும் பெயர் சீல் கோட். சூடான தாரில் பொடிக்கல்லைப் புரட்டிப் பரப்புவது ‘பி’ வகை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்புப்படி 10 சதுர மீட்டருக்கு 6.8 கிலோ தார், 0.06 கன மீட்டர் பொடிக்கல். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ரோட்டுக்குக் கணக்குப் போட்டால் 2,550 கிலோ தார், 22.5 கன மீட்டர் பொடிக்கல். தாரைத் தெளித்து மேலே கல் சிப்ஸ் தூவுவது ‘ஏ’ வகை. அதற்கு 10 சதுர மீட்டருக்கு 9.8 கிலோ தார் வேண்டும். மழை மிகுந்த பகுதிகளுக்கு இதுவே ஏற்றது.

‘அடுத்த வாரம் போட்டுக்கலாம்’ ஆகாது
நம் கிராமச் சாலைகள் பலவற்றில் மேல்தளம் வெறும் 2 செ.மீ. கார்ப்பெட்தான். அதில் பொடிக்கல் குறைவு என்பதால் ஜல்லிக்கு நடுவே இடுக்குகள் இருந்தே தீரும். அவற்றை அடைப்பதுதான் சீல் கோட்டின் வேலை. அதனால் கார்ப்பெட் போட்ட கையோடு அதையும் போட்டுவிட வேண்டும் என்பது விதி. தள்ளிப்போட்டால், நடுவில் பெய்கிற ஒரே மழை அடியிலுள்ள வெட் மிக்ஸ் எனும் ஜல்லி அடித்தளம் வரை இறங்கிவிடும். மேலே ரோடு பளபளக்கும், கீழே சேறு.

பத்து நிமிடம் நின்று பாருங்கள்
உங்கள் தெருவில் ரோடு போடும்போது கவனிக்க வேண்டியவை நிறைய உண்டு. முதலில் பழைய தளத்தின் புழுதியைச் சுத்தமாகக் கூட்டுகிறார்களா? அதன்மேல் கலவை ஒட்டுவதற்காக மெல்லிய தார்த் தெளிப்பு விழுகிறதா? பழைய தார்த் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் போதும். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கலவையைப் பரப்புகிறவர்கள் கைப்பிடி தேய்ந்த ரேக்கால் மேடு பள்ளம் நிரவுவார்கள். பின்னாலேயே ரோலர் வரும். கலவை ஒட்டாமல் இருக்க அதன் சக்கரத்தில் தண்ணீர் வடிய வேண்டும். டீசல் தடவினால் ஒட்டாதுதான். ஆனால் அது தாரையே கரைத்துவிடும்.

ரோலர் எங்கிருந்து தொடங்கும்?
நடுவிலிருந்து அல்ல, ஓரத்திலிருந்து. இரண்டு ஓரத்தையும் இறுக்கிவிட்டு நடுவுக்கு வர வேண்டும். அப்போதுதான் நடு மேடு கலையாது. மலை வளைவுகளில் ஒரு பக்கம் உயர்த்திப் போட்டிருப்பார்கள். அங்கே தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி உயர்ந்த பக்கத்தில் முடிக்க வேண்டும்.

அந்த 5 செ.மீ. மேடு
நல்ல ரோடு தட்டையாக இருக்காது. 3.75 மீட்டர் அகலக் கிராமச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏறக்குறைய 5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவுதான் மழைநீரை இரண்டு பக்கமும் விரட்டுகிறது. மழை விட்டு அரை மணி கழித்தும் நடு ரோட்டில் தண்ணீர் நின்றால், அடுத்த குழி எங்கே விழும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

ஓரம் போனால் ரோடு போச்சு
தாருக்கு வெளியே இருக்கும் மண் ஓரத்தை பெர்ம் என்பார்கள். அது ரோட்டின் மட்டத்தோடு சேர்ந்து, ரோட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் சரிவோடு வெளியே இறங்க வேண்டும். அங்கே புல் மேடிட்டால் தண்ணீர் வெளியேறாமல் ரோட்டிலேயே நிற்கும். மண் அரித்துப் பள்ளமானால், பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கும் ஒவ்வொரு வண்டியும் தாரின் விளிம்பை உடைக்கும். ஆறு மாதத்தில் 3.75 மீட்டர் ரோடு 3 மீட்டராக இளைத்துவிடும்.

கல்லுக்குத் தண்ணீர்தான் உறவு
கிரானைட் வகைக் கற்களின் முகம் தாரைவிடத் தண்ணீரை அதிகம் விரும்பும். இடுக்கில் ஈரம் நின்றால் அது தாரைத் தள்ளிவிட்டுத் தான் போய் ஒட்டிக்கொள்ளும். இதைச் சோதிக்க எளிய முறை ஒன்று இருக்கிறது. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைப்பார்கள். பிறகு எடுத்து, எவ்வளவு இடத்தில் தார் விலகிக் கல் தெரிகிறது என்று கண்ணால் கணிப்பார்கள். 5 சதவீதத்துக்கு மேல் தெரிந்தால் அந்தக் கல்லை அப்படியே போடக்கூடாது. சுண்ணாம்புத் தூளோ, ஒட்டுத்திறன் கூட்டும் மருந்தோ சேர்க்க வேண்டும்.

மதுரை தந்த மருந்து
அதே சிக்கலுக்கு இன்னொரு வழியைக் காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். சுமார் 170 டிகிரியில் சூடான ஜல்லியின்மேல் நறுக்கிய பிளாஸ்டிக் கழிவைத் தூவினால் அது உருகிக் கல்மேல் மெல்லிய தோலாகப் படியும். அப்புறம் தாரைச் சேர்த்தால் பிடிப்பு கூடும், தண்ணீர் நுழையாது, தார் செலவிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மிச்சம். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே சோதனைச் சாலை போட்டார். 2018-ல் பத்மஸ்ரீ வந்தது. ஒரு எச்சரிக்கை: பி.வி.சி. குழாய்த் துண்டுகளை மட்டும் சேர்க்கக்கூடாது. சூட்டில் நச்சு வாயு வரும்.

கையால் பெயர்க்கிற வீடியோ
‘புது ரோட்டை அப்பளம் மாதிரி எடுக்கிறாங்க பாருங்க’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். போட்ட அன்றே, சூடு அடங்குமுன் 2 செ.மீ. கார்ப்பெட்டின் ஓரத்தைக் கிளறினால் நல்ல ரோடும் வரத்தான் செய்யும். ஆனால் சில நாள் கழித்தும் தகடாகக் கழன்று வந்து, அடியில் புழுதி தெரிந்தால் கோளாறு உறுதி. கூட்டாமல் போட்டிருக்கிறார்கள், அல்லது ஒட்டுத் தெளிப்பு விழவில்லை, அல்லது கலவை ஆறிப்போய் வந்திருக்கிறது.

165, 140, 90
வி.ஜி.-30 ரகத் தாருக்கு இந்த மூன்று எண்ணும் முக்கியம். கலக்கும்போது சூடு 150-க்கும் 165-க்கும் இடையே இருக்க வேண்டும். பரப்பும்போது 140-க்குக் குறையக்கூடாது. ரோலர் வேலை 90 டிகிரிக்கு இறங்குமுன் முடிய வேண்டும். சமவெளியில் கலந்து மலைக்கு ஏற்றும் கலவைக்கு இதுதான் பெரிய சோதனை. டிப்பர் இரண்டாம் கியரில் வளைவு வளைவாக ஏறும்போது கலவை வழியிலேயே ஆறும். தார்ப்பாய் போர்த்தாமல் வந்த லோடு என்றால் சந்தேகப்படலாம். ஆறிய கலவையை எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது.

காவி நிறத்தில் தார்
டாங்கரிலிருந்து தெளிக்கும்போது காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அது எமல்ஷன், தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்த தார். தரையில் விழுந்ததும் தண்ணீர் பிரிந்து, காவி கறுப்பாக மாறும். அப்படி மாறிய பிறகுதான் மேலே கலவை விழ வேண்டும். காய்ச்சத் தேவையில்லை என்பதால் விறகும் புகையும் தீக்காயமும் மிச்சம்.

கல்யாண மண்டபத்து வாசலுக்கு
நம் ஊரில் வீட்டு வாசலில் தார் போடுவோர் குறைவு; சிமென்ட் அல்லது பேவர் பிளாக்தான். ஆனால் ரைஸ் மில், பள்ளி, மண்டப வளாகங்களில் தார்த் தளம் உண்டு. அது வெளுத்துப் பொடி உதிரத் தொடங்கினால், மெதுவாக இறுகும் எமல்ஷனைச் சம அளவு தண்ணீர் விட்டுச் சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை சீராகத் தெளிக்கலாம். முதலில் வெடிப்புகளை அடைக்க வேண்டும். எண்ணெய்க் கறையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தளம் நன்றாகக் காய வேண்டும். நிறம் கறுத்துக் காயும்வரை வண்டியை விடக்கூடாது. மழை இல்லாத மாசி, பங்குனி இதற்குத் தோது.

டொரண்டோவில் அது குடும்ப வேலை
கனடாவின் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதித் தமிழர் வீடுகளில் கார் நிற்கும் வாசல் பெரும்பாலும் தார்தான். கோடை வந்தால் கடையில் வாளி வாளியாகப் பூச்சு வாங்கி, துடைப்பத்தால் இழுத்துவிடுவார்கள். அங்கே எதிரி பனி. வெடிப்பில் புகுந்த தண்ணீர் உறைந்தால் கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருகும்; தளத்தைப் பிளந்துவிடும். வெப்பம் 10 டிகிரிக்கு மேலும், ஓரிரு நாள் மழை இல்லாமலும் இருந்தால்தான் பூசலாம். வருஷம் தவறாமல் பூசுவதும் தப்பு. படலம் மேல் படலமாக ஏறி உரிந்துவிடும்.

பூச்சிலும் விஷம் உண்டு
அந்த நாடுகளில் இருவகைப் பூச்சு விற்கும். ஒன்று கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. மற்றொன்று நிலக்கரியிலிருந்து வருவது. இரண்டாவதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்கள் பல மடங்கு அதிகம். தேய்ந்த தூள் மழையில் ஏரிக்கும், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வருகிறது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் 2006-ல் அதைத் தடை செய்தது. 2011-ல் வாஷிங்டன் மாநிலமும் தடை போட்டது. நம் ரோடுகளில் விழுவது மணலி போன்ற எண்ணெய் ஆலைகளிலிருந்து வரும் முதல் வகை.

முதலைத் தோலுக்குப் பூச்சு வீண்
ரோட்டில் நீளவாக்கில் ஒற்றை வெடிப்பு என்றால் அடைக்கலாம். சின்னச் சின்னக் கட்டங்களாக முதலை முதுகு போலப் பிளந்திருந்தால் அடித்தளமே இளகிவிட்டது என்று பொருள். அதன்மேல் சீல் கோட் போடுவது உளுத்த உத்தரத்துக்கு வார்னிஷ் அடிப்பதுதான். அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகே மேல் வேலை.

குழியைச் சதுரமாக்கு
வட்டக் குழியில் அப்படியே கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது காணாமல் போகும். முறையான ஒட்டு வேலை வேறு. குழியைச் சுற்றி நல்ல தளம் வரும்வரை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ, பக்கங்கள் செங்குத்தாக நிற்கும்படி வெட்ட வேண்டும். தண்ணீரையும் தூசியையும் எடுத்துவிட்டு, பக்கங்களிலும் தார் தடவி, அடுக்கடுக்காகக் கலவை இட்டு இறுக்க வேண்டும். வண்டி ஓடினால் அமுங்கும் என்பதால் சுற்றுத் தளத்தைவிட இம்மி உயர்த்தி முடிப்பது கைதேர்ந்த மேஸ்திரியின் அடையாளம்.

சித்திரையில் செருப்பு ஒட்டுகிறதா?
கலவையில் தார் கூடிப்போனால் வெயிலில் மேலே கசிந்து கண்ணாடி போல மின்னும். மழை பெய்தால் அந்த இடம் வழுக்கும். மருந்து எளிது: பொடிக்கல்லையோ கரடுமுரடான மணலையோ தூவி உருட்டிவிடுவது. ஆக, தார் குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு.

ஊசி வளைவின் இலக்கணம்
இந்திய சாலைக் காங்கிரஸின் மலைச்சாலை விதிப்படி, கொண்டை ஊசி வளைவில் உள்வட்டத்தின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக்கூடாது. அந்த இடத்தில் ஏற்றம் 40-க்கு 1 என்ற அளவைத் தாண்டக்கூடாது. பாரம் ஏற்றிய லாரி அங்கே ஊர்ந்து திரும்பும்போது சக்கரம் உருள்வதோடு தேய்த்துத் திருகவும் செய்கிறது. மெல்லிய தார்த் தளம் அந்தத் திருகலைத் தாங்காமல் சுருண்டு உதிரும். பல மலைச்சாலைகளில் வளைவுக்கு மட்டும் கான்கிரீட் போடுவது அதனால்தான்.

மலைப்பக்கத்து வாய்க்கால்
கல்வராயன் போன்ற மலையில் மழைநீர் வானத்திலிருந்து மட்டும் ரோட்டுக்கு வருவதில்லை, பக்கத்துச் சரிவிலிருந்தும் வருகிறது. அதைப் பிடித்துச் சிறுபாலம் வழியாகப் பள்ளத்துப் பக்கம் கடத்துவது மலைப்பக்கத்து வாய்க்கால். சருகும் சரிந்த மண்ணும் அதை அடைத்தால் தண்ணீர் ரோட்டின் குறுக்கே பாயும். பள்ளத்துப் பக்கத் தடுப்புச்சுவரின் அடிமண்ணைக் கரைக்கும். ரோடு பாதி சரிந்த செய்தியைப் படித்தால், பெரும்பாலும் அதன் பின்னே ஒரு அடைபட்ட சிறுபாலம் இருக்கும்.

1976 வரை ஜாகிர்
நாடு விடுதலை பெற்ற பிறகும் கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் எனப்பட்ட மூன்று பரம்பரை நிலக்கிழார்களின் பிடியில்தான் இருந்தது. 1963-ல் ஒழிப்புச் சட்டம் வந்தும் இழுபறியாகி, 1976-ல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சமவெளியில் பஸ் ஓடிப் பழகிய காலத்தில் இங்கே ஒற்றையடிப் பாதைதான். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கல்வராயன்மலை தனி வட்டமும் ஆனது.

நீதிமன்றம் கேட்ட ரோடு
2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அரசிடம் எழுப்பிய கேள்விகளில் சாலை வசதியும் இருந்தது. நோயாளியை டோலி கட்டித் தூக்கிவருகிற மலையில் ரோடு என்பது ஆம்புலன்ஸ் வருமா வராதா என்ற கேள்விதான்.

காட்டு வழிக்கு ஒரு ஹெக்டேர்
காப்புக்காட்டுக்குள் ரோடு போட வனச் சட்ட அனுமதி வேண்டும். அது லேசில் வராது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2) ஒரு வாசல் வைத்திருக்கிறது. சாலை, பள்ளி, மருந்தகம் போன்ற பொதுத் தேவைக்கு, கிராம சபையின் பரிந்துரையோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. 6 மீட்டர் அகலம் என்று வைத்தால் ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 1.6 கி.மீ. ரோடு வரும். ஒரு மலைக்கிராமத்துக்கு அது சின்ன தூரமா?

இரண்டு மடங்கு பாரம், பதினாறு மடங்கு சேதம்
1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாயில் லாரிகளை ஓட்டி நடத்திய பெரிய சோதனையில் தெரிந்த உண்மை: அச்சின் பாரம் கூடினால் ரோட்டின் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும். பாரம் இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. இந்தியாவில் 2018-ல் நான்கு சக்கர ஒற்றை அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். அதே கணக்கில் பார்த்தால் சேதம் சுமார் 1.6 மடங்கு. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிப்போகும் வண்டிகளில் ‘இன்னும் ரெண்டு கட்டு போடு’ என்னும்போது இதை நினைவில் வைக்கலாம். அடித்தளத்தில் ஈரம் இறங்கியிருந்தால் அதே பாரம் இன்னும் பல மடங்கு கெடுக்கும்.

கேஜ் வீலுக்கு ரோடு வேண்டாம்
சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புக் கேஜ் வீல், வயலில் உதவி; தார் ரோட்டில் வெட்டரிவாள். ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே ரோட்டில் ஓட்டிப்போனால் வரிசையாகத் தாரைக் கொத்திவிட்டுப் போகும். ஒவ்வொரு கொத்தும் தண்ணீருக்கு ஒரு வாசல். கழற்றிப் போக மனமில்லை என்றால் டிரெய்லரில் ஏற்றிப் போகலாம்.

மக்காச்சோளம் காயும் களம்
தார் ரோடு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் மக்காச்சோளமும் எள்ளும் கம்பும் அதில் சீக்கிரம் காயும். ஆனால் குவியலைச் சுற்றி வைக்கும் கற்கள் ராத்திரியில் பைக் ஓட்டுகிறவர்களுக்குக் கண்ணி. அறுவடை முடிந்து சருகை ரோட்டோரத்தில் கொளுத்தினால் தார் இளகி, பசை கருகி, அந்த இடம் வட்டமாக உதிரும்.

பெட்ரோல் பங்கில் ஏன் தார் இல்லை?
தாரும் பெட்ரோலும் டீசலும் ஒரே கச்சா எண்ணெயின் பிள்ளைகள். டீசல் சிந்திய இடத்தில் தார் கரைந்து ஜல்லி தனித்தனியாகிவிடும். எனவே பங்கில் எண்ணெய் போடும் இடத்தில் கான்கிரீட்டோ பேவர் பிளாக்கோ இருக்கும். வீட்டு வாசலில் வண்டி ஆயில் ஒழுகினால் மணலையோ மரத்தூளையோ உடனே போட்டு உறிஞ்சவிடுங்கள்.

தார் சுட்டால்
காய்ச்சிய தார் மேலே பட்டுவிட்டால் பிய்த்து எடுக்காதீர்கள். தோலும் கூடவே வரும். இருபது நிமிடமாவது சாதாரணத் தண்ணீரை விட்டுக் குளிரவைத்து, அப்படியே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். காய்ச்சும் டிரம்மில் ஈரம் பட்டால் நுரைத்துப் பொங்கி வழியும் என்பதால் பிள்ளைகளை அருகே விடக்கூடாது. ஆறிய தார் காலில் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் போதும், மண்ணெண்ணெய் வேண்டாம்.

ராத்திரியில் குளிர்காயும் விருந்தாளி
பகலில் வாங்கிய சூட்டைத் தார் இரவில் மெல்ல விடும். மலைச்சாலைகளில் பொழுது சாய்ந்ததும் பாம்புகள் ரோட்டில் வந்து படுப்பது அந்தக் கதகதப்புக்காக. வேகத்தைக் குறைத்தால் இருவருக்கும் நல்லது.

கல்லின் நிறம் பார்
கி.மீ. கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. சேலம் – உளுந்தூர்பேட்டை தே.நெ. 79-ல் பார்க்கலாம். பச்சை மாநில நெடுஞ்சாலை. கறுப்பு அல்லது நீலம் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம். மனு எழுதுமுன் நிறத்தைப் பார்த்தால், ‘இது எங்க ரோடு இல்லை’ என்ற பதிலைத் தவிர்க்கலாம்.

41 மாதம்
நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் 2002-ல் ஆயிரக்கணக்கில் வேலை நீக்கம் செய்யப்பட்டு, 2006-ல் திரும்ப எடுக்கப்பட்டார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்வது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. பெர்ம் செதுக்குவது, வாய்க்கால் தூர்வாருவது, சின்னக் குழியைச் சின்னதாக இருக்கும்போதே மூடுவது எல்லாம் இவர்கள் கைவேலை. எந்த இயந்திரமும் இதைத் தினமும் செய்வதில்லை.

சுரண்டிவிட்டுப் போடு
பழைய ரோட்டின் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டே போனால் ரோடு உயரும், வீடு பள்ளமாகும், மழைநீர் வாசலுக்குள் வரும். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குப் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். சுரண்டிய பொருளும் வீணில்லை. சூடாக்கிப் புதுக் கலவையோடு சேர்த்துப் பயன்படுத்தலாம்.

தென்னை நாரும் பயிர்க்கழிவும்
களிமண் தரையில் ரோட்டுக்கு அடியே தென்னை நார் விரிப்புப் போட்டால், கல் மண்ணுக்குள் புதையாமல் தண்ணீர் மட்டும் வடியும். 2020-ல் மத்திய அரசு பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஏழு மாநிலங்களில் 1,674 கி.மீ.க்கு இதை அனுமதித்தது. தமிழ்நாட்டின் பங்கு 369 கி.மீ. இன்னொரு பக்கம், பயிர்க்கழிவிலிருந்து எடுக்கும் லிக்னினைத் தாரோடு கலக்கும் முயற்சியும் நடக்கிறது. 2024 டிசம்பரில் நாக்பூர் – மன்சர் புறவழிச்சாலையில் அப்படிப்பட்ட தளம் திறக்கப்பட்டது.

ஐந்து வருஷ உத்தரவாதம்
2000 டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ரோடு போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும். ரோட்டின் முகப்பில் நிற்கும் பலகையில் நீளம், தொகை, முடித்த தேதி எல்லாம் இருக்கும். முடித்த தேதியோடு ஐந்தைக் கூட்டிப் பாருங்கள். கெடு முடியவில்லை என்றால் புது டெண்டருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மாதிரி எடுக்க உரிமை
தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் காகிதம் கேட்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. செய்த வேலையைப் பதிவுசெய்யும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்கலாம். சீல் கோட் எழுத்தில் இருந்து ரோட்டில் இல்லை என்றால் அங்கே தெரிந்துவிடும்.

ஐப்பசிக்கு முன் நம் பங்கு
வீட்டுக்கு வழி விடுவதற்காக ரோட்டு வாய்க்காலை மண் கொட்டி மூடியிருந்தால், அடியில் குழாயாவது பதியுங்கள். கழிவுநீரை ரோட்டில் விடாதீர்கள். மழை வருஷத்தில் சில நாள், சாக்கடை நீர் 365 நாள். குடிநீர் இணைப்புக்கு ரோட்டை வெட்டினால், மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி மேலே தார் ஒட்டும் வரை ஆளை விடாதீர்கள். நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் குழி தெரிந்தால், அத்துறை 2023-ல் கொண்டுவந்த ‘நம்ம சாலை’ செயலியில் படம் எடுத்துப் போடுங்கள். கிராம ஊராட்சி ரோடு என்றால் கிராம சபையில் கேளுங்கள். தார் வாங்கக் காசு வேண்டும், டெண்டர் வேண்டும். வாய்க்காலை அடைக்காமல் இருக்க இரண்டும் வேண்டாம்.